லிமெரிக் மெட்டும் புந்தோங் உறுமியும்

பேராக்கில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் கெல்லிஸ் காசல் மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் பலர், கொஞ்ச தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில் பக்கம் போவதில்லை. போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும். கோயிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-ல் ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில் டல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, கிந்தாவில் கித்தா போட்டு, கையில் காசு சேர்ந்ததும் 1915-ல் இந்த மாளிகையைத் தொடங்கினார். அது முடிவதற்குள் 1926-ல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மாளிகையைக் கட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். காய்ச்சல் வந்து ஆட்கள் மடிந்தபோது அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர்கள் துரையையே கோபுரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

காசலின் பேய்க் கதையும் சுரங்கப்பாதைக் கதையும் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எனக்கு அந்தச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுவது வேறு. இந்த மனிதர் சின்ன வயதில் என்ன மெட்டு கேட்டு வளர்ந்திருப்பார்?

மோரே பிடிலுக்குப் பேர்போன மண். ஸ்பே ஆறு அந்த வட்டாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அதன் பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கிய ஓர் ஆட்ட மெட்டு உண்டு, ஸ்ட்ராத்ஸ்பே. குட்டை ஸ்வரம் முந்தி விழ, நீண்ட ஸ்வரம் அதைப் பிடித்து இழுக்கும். கேட்கிறவர் கால் சும்மா இருக்காது. அந்த வகையில் மெட்டுகளாகக் கட்டித் தள்ளிய வில்லியம் மார்ஷல் 1748-ல் பிறந்த ஃபோகாபர்ஸ், டல்லாஸுக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். அவர் பிழைப்புக்குப் பிரபு வீட்டில் உத்தியோகம் பார்த்தவர். பிடில் மாலை நேரத்துக் காரியம்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸின் பிரெட்டனி, ஸ்பெயினின் கலிசியா ஆகியவற்றின் நாட்டு இசையைச் சேர்த்துத்தான் இன்று கெல்டிக் இசை என்கிறார்கள். கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு அது. வாசிக்கிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையோ, மெட்டைக் கற்றுக் கொடுத்தவர் பெயரையோதான் சொல்வார்கள்.

பேராக்குக்கு அந்த இசையின் ஒரு முகம் நன்றாகவே தெரியும். தோட்டத்துத் துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகம். நவம்பர் 30, செயின்ட் ஆண்ட்ரூ நாள் வந்தால் கிளப்புகளில் பேக்பைப் ஊதி ஆட்டம் போடுவார்கள். லயத்து வீட்டுக்காரர்கள் அதைத் தூரத்தில் இருந்து கேட்டிருப்பார்கள். 1941 டிசம்பரில் அதே பைப்பைச் சுமந்துகொண்டு ஒரு பட்டாளம் பேராக் வழியாகப் பின்வாங்கியது: ஆர்கைல் அண்ட் சதர்லாண்டு ஹைலாண்டர்ஸ் படையின் இரண்டாம் பட்டாலியன். கிரிக் சாலையில் ஜப்பானியரைத் தடுத்து, கோலகங்சார் பக்கம் இறங்கி, 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஏறக்குறைய அழிந்தே போனது. மிஞ்சியவர்கள் ஜனவரி 31 அன்று ஜொகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்தபோது, பைப்காரர்கள் வாசித்துக்கொண்டே நடந்தார்கள்.

பட்டாள பைப்புக்கு நம் நாட்டில் வாரிசும் உண்டு. 1986-ல் கோலாலம்பூரில் சீக்கிய இளைஞர்கள் தொடங்கிய ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்டு, தலைப்பாகையும் ஸ்காட்டிஷ் உடுப்பும் சகிதமாக 2019-ல் கிளாஸ்கோ உலகப் போட்டி வரை போய் வாசித்துவிட்டு வந்தது. ஆங்கிலேயர் பட்டாளத்தில் சேர்ந்த சீக்கியர்களின் கைக்குப் பைப் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டதால், அது அவர்களுக்கு இரவல் வாத்தியமாகவே தெரிவதில்லை.

ஆனால் அணிவகுப்பு இந்த இசையின் ஒரு பாதிதான். எனக்குப் பிடித்தது மறு பாதி. அதில் உடுப்பு கிடையாது, மேடை கிடையாது, கூலியும் பெரும்பாலும் கிடையாது. ஒரு மேசை, நாலு நாற்காலி, பல வருஷத்துக் கூட்டாளிகள், அவ்வளவுதான்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்று ஓர் ஊர். அங்கே வில்லி கிளான்சி என்றொரு தச்சர் இருந்தார். பிறப்பு 1918. அவர் அப்பா கில்பர்ட்டுக்குப் புல்லாங்குழல் தெரியும். அந்த அப்பா சின்ன வயதில் காரட் பாரி என்ற கண்பார்வையற்ற பைப்காரரிடம் கேட்ட மெட்டுகளை மகன் காதில் போட்டார். பிறகு 1936-ல் ஜானி டோரன் என்ற நாடோடிக் கலைஞர் அந்தப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு வந்தபோது, வில்லிக்கு இல்லன் பைப் பைத்தியம் பிடித்தது. இது ஸ்காட்லாந்து பட்டாள பைப் போல வாயால் ஊதுவது இல்லை. உட்கார்ந்துகொண்டு, முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியை அமுக்கி வாசிப்பது. சத்தம் குறைவு, நெளிவு அதிகம். வீட்டுக் கூடத்துக்கு ஏற்றது.

ஊரில் வேலை இல்லை. 1950-களில் வில்லி லண்டனுக்குத் தச்சு வேலைக்குப் போனார். உடன் பாபி கேசி என்ற பிடில்காரரும் போனார். இருவரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். போருக்குப் பிந்திய லண்டனில் கட்டட வேலைக்கு வந்து குவிந்த ஐரிஷ் கூலிக்காரர்கள் கேம்டன் டவுன் பக்கத்து மதுக்கடைகளில் மாலையில் கூடினார்கள். ஊரில் இருந்தவரை வீட்டுச் சமையல்கட்டில் ஆட்டத்துக்கு வாசித்தவர்கள், இங்கே ஆட ஆளில்லாமல் ஒருவருக்கொருவர் வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்று உலகம் முழுக்க ‘செஷன்’ என்று நடக்கும் பழக்கத்தில் பெரும் பங்கு இப்படி நாடு விட்டுப் போனவர்கள் போட்டது. பழம்பெரும் ஐரிஷ் மரபு என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப்படுகிற காட்சியில் பாதி, ஊர் ஏக்கம் பிடித்த கூலிக்காரர்கள் கண்டுபிடித்தது.

ஒரு செஷனை அருகில் இருந்து பார்த்தால் முதலில் தெரிவது முதுகுகள்தான். வாசிக்கிறவர்கள் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கேட்க வந்தவர் எங்கே நின்றாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. ஒருவர் மெட்டு எடுப்பார். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் மற்றவர்கள் அது எது என்று பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சேர்வார்கள். எட்டு ஆவர்த்தன முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு ஆவர்த்தன இரண்டாம் பகுதி இரண்டு தடவை, அதுதான் ஒரு சுற்று. மூன்று சுற்று ஆனதும் தொடங்கியவர் தலையைத் தூக்குவார், புருவம் ஏறும். நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் எல்லோரும் குதிப்பார்கள். அது எந்த மெட்டு என்று முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதிரில் தாள் இருக்காது. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். ஆனால் பிடில் ஓரிடத்தில் நெளியும், குழல் இன்னோர் இடத்தில் வெட்டும், அடுத்த சுற்றில் அந்த நெளிவே வேறாகும். நம் கமகக் காதுக்கு இது பழகிப்போன வேலை.

புருவம் ஏறினால் போதும் என்ற நிலை பயிற்சியால் மட்டும் வராது. இருபது முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனின் மூச்சு தெரிய வேண்டும். டப்ளினில் 1962-ல் பேடி மொலோனி கூட்டாளிகளோடு தொடங்கிய சீஃப்டன்ஸ் குழு இதற்கு நல்ல உதாரணம். பேர் கிளம்பி ரெக்கார்டு வந்த பிறகும் பல வருஷம் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டுதான் வாசித்தார்கள். முழுநேரத் தொழிலாக எடுத்தது 1975-ல்தான். 1983-ல் சீனப் பெருஞ்சுவர் மேல் நின்று வாசிக்கும் அளவுக்குப் போனார்கள். பீட்டில்ஸ் பத்து வருஷம் தாங்கவில்லை, இவர்கள் மொலோனி 2021-ல் இறக்கும் வரை ஐம்பத்தொன்பது வருஷம் ஓட்டினார்கள். காரணம் கேட்டால் நான் அந்த முதல் பதின்மூன்று வருஷத்தைத்தான் சொல்வேன். சோறு வேறு இடத்திலிருந்து வந்ததால் இசையில் சண்டை குறைந்தது.

வில்லி கிளான்சி அப்பா இறந்ததும் ஊர் திரும்பினார். 1973 ஜனவரியில் அவரும் காலமானார். துக்கத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல், கூட்டாளிகள் அதே கோடையில் அவர் பேரில் ஒரு பள்ளி நடத்தினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் ஒரு வாரம் அது நடக்கிறது. பகலில் வகுப்பு, இரவில் கடைக்குக் கடை செஷன். அந்தச் சின்ன ஊர் கொள்ளாத கூட்டம். பத்து வயதுப் பையன் எழுபது வயதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் அயர்லாந்து அரசாங்கம் சீராட்டி வளர்த்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆட்டம் நடத்த நீதிமன்ற லைசென்ஸ் வேண்டும் என்பது சட்டம். எழுதியது பொதுக் கூடங்களுக்கு. ஆனால் பாதிரியாரும் போலீசும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயி வீட்டுச் சமையல்கட்டு வரை போனார்கள். ஆணும் பெண்ணும் கூடி ஆடுவது ஒழுக்கக்கேடு என்பது பாதிரியார் கணக்கு. கிளேர் மாவட்டத்துப் பிடில்காரர் ஜூனியர் கிரஹன் தன் வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்தார். வீட்டு ஆட்டம் போனதோடு மெட்டும் பேச்சும் கதையும் சேர்ந்து போயின என்பது அவர் ஆதங்கம். அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் மரபிசை என்றாலே பட்டிக்காடு என்று டப்ளின் மூக்கைச் சுளித்தது. 1951-ல் முல்லிங்காரில் இசைக்காரர்கள் சிலர் கூடிச் சங்கம் கட்டி வருடாந்திரத் திருவிழாவும் போட்டியும் வைத்த பிறகுதான் காற்று மெல்லத் திரும்பியது. அந்தப் போட்டிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நடுவருக்குப் பிடித்தபடி வாசித்து வாசித்து வட்டார வாடை போய்விடும். ஆனால் பிள்ளைகள் கையில் வாத்தியம் வந்தது என்பதை மறுக்க முடியாது.

சமையல்கட்டுக்குள் போலீஸ் வந்த கதையைப் படித்தபோது எனக்கு நம் உறுமி மேளம் நினைவுக்கு வந்தது.

உறுமியைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? உடுக்கையைப் பெரிதாக்கியது போல நடு ஒடுங்கிய இருமுகக் கொட்டு, தோளில் தொங்கும். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்க வேண்டும். மறு முகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் வயிற்றைக் கலக்கும் உறுமல் வருகிறது. அழுத்தம் குறைந்தால் கீச்சிடும், கூடினால் அடைத்துக்கொள்ளும். கூட பம்பை, தவில், தப்பு, தாளம். தப்பின் தோல் ஈரக் காற்றில் தொய்ந்துவிடும். பிற்பகல் மழைக்குப் பேர்போன ஈப்போவில் தீ மூட்டிக் காய்ச்சாமல் தப்பு பேசாது. அயர்லாந்தின் போரான் என்ற ஆட்டுத்தோல் கொட்டுக்கும் இதே வியாதி. செஷன்களில் அதை வாசிப்பவரைப் பார்த்து மற்றவர்கள் முனகுவதும் நம் ஊர் தப்புக்காரர் படும் பாடும் ஒன்றுதான். கொட்டு தெரியாதவன்தான் கொட்டுக்காரனாக வந்து உட்காருவான் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

தோட்டம் இருந்தவரை மேளம் தோட்டத்துக்குள் இருந்தது. அம்மன் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்தவர்கள் காலையில் பெரட்டுக்கு நின்று பால் வெட்டப் போனவர்களேதான். 1950-களின் கடைசியில் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். சில தோட்டங்கள் தப்பின. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஆட்கள் ஈப்போவின் புறநகர்த் தாமான்களுக்கும், பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறினார்கள். பல தோட்டங்களில் லயம் இடிந்து கோயில் மட்டும் மிஞ்சியது. வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு அந்தப் பழைய சனம் காரில் வந்து இறங்குகிறது. லாரி ஓட்டுகிறவர், பாதுகாவலர், தொழிற்சாலை ஷிப்டு முடித்து வருகிறவர், எல்லோரும் டிக்கியிலிருந்து கொட்டை எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இவர்களுக்குள்ளும் புருவம் ஏறினால் போதும்.

எண்பதுகளுக்குப் பிறகு இந்த மேளம் நகரத்து இளைஞர்களிடம் வேறு வேகம் பிடித்தது. குழுவுக்கு ஒரு பேர், ஒரே நிற டி-சட்டை, தைப்பூசத்துக்கு முன்பு கோயில் வாசலில் இரவு நேரப் பயிற்சி. கூடவே புகாரும் வந்தது. சத்தம் அதிகம், சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், குழுவுக்குக் குழு கைகலப்பு. கோயில் நிர்வாகங்களும் சமய அமைப்புகளும் கட்டுப்பாடு போட்டன. சிங்கப்பூர் அதற்கும் முன்பே ஒரு படி மேலே போய் 1973-ல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்கே தடை போட்டிருந்தது. 2016-ல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு மறுபடி வழி விட்டார்கள்.

புகார்களில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காவடி தூக்குகிறவர் காதருகே குத்துப்பாட்டு அடிப்பதை எந்த மரபின் பெயராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் கண்டிக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தோட்டத்தில் அடித்த பழைய அடவுகளைச் சொல்லிக் கொடுத்தார்கள்? அவற்றைக் கையில் வைத்திருக்கும் கிழவர்கள் இன்னும் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் இருக்கிறார்கள். அயர்லாந்தில் சட்டம் போட்டவர்கள் பேர் இன்று யாருக்கும் நினைவில்லை. ஜூலை மாதம் தச்சர் பேரில் பள்ளி நடக்கிறது. பேராக்கில் ஒரு கோயில் மண்டபத்தில் ஒரு வாரம், பகலில் வகுப்பு, இரவில் வட்டமாக உட்கார்ந்து அடிப்பது என்று வைத்தால் செலவு என்ன பெரிதாக ஆகப்போகிறது? சோறும் டீயும்தான்.

உறுமிக்கும் ஐரிஷ் மெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தது. அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகள் சகோதரர்கள் காதில் விழுந்தன. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். கர்நாடக சங்கீதத்தில் பிடில் உட்கார்ந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அவைதான். கிட்டத்தட்ட நாற்பது உருப்படிகள். ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயர் தேசிய கீதத்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ அசல் ஐரிஷ் சரக்கு, ‘லிமெரிக்’ என்ற ஆட்ட மெட்டு. ஈப்போவில் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை, அயர்லாந்து மதுக்கடையில் வாசித்தால் தலையாட்டக் கூடிய மெட்டை மீனாட்சி பேரில் பாடிக்கொண்டிருக்கிறது.

தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். பாலுசுவாமி அங்கேயே சமஸ்தான வித்துவானாக இருந்தார். அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அதே எட்டயபுரத்தில்தான் அச்சேறியது. இப்போது ஈப்போவுக்கு வாருங்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே கிராமம் என்று ஒன்று இருக்கிறது. கடலையும் முறுக்கும் பக்கோடாவும் வறுத்து நாடு முழுக்க அனுப்புகிற தமிழ்க் குடும்பங்கள். அவர்களின் முன்னோர் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதே புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்துதான் தைப்பூசத்துக்குக் காவடிகள் குனோங் சிரோ கல்லுமலைக்குக் கிளம்புகின்றன. ஆக, ஐரிஷ் மெட்டு குடியிருந்த ஊரின் சனம் உறுமி முழங்கும் தெருவில் வந்து குடியேறியிருக்கிறது.

ஈப்போ பிடில் மாணவர் யாராவது ‘வந்தே மீனாக்ஷி’யை அதன் பழைய ஆட்ட நடையில் எடுத்து, புந்தோங் உறுமிக் குழுவோடு ஒரு தடவை சேர்த்து வாசித்துப் பார்க்கலாம். ஆறு எட்டு நடை, நம் திஸ்ரத்துக்கு அடங்கும். உறுமிக்காரர்களுக்கு அரை மணி நேரம் போதும், பிடில்காரருக்குத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மேடை கொடுக்கத் திருவிழாக் கமிட்டி ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். மதுக்கடைகளில் வாசித்தவர்கள் யாரும் மேடை கேட்டதில்லை, புந்தோங்கில் கடலைக் கடை வாசலில் நாலு நாற்காலி போட இடம் இருக்கும்.